திருப்பி வாங்கிய தட்டுகள்

ஓட்டலின் ஆண்டு மலரில் என்னைப் பற்றி ஒரு பத்தி போடுகிறார்கள். சாலட் மேசையில் எனக்குப் பிறகு நிற்கும் கலைவாணி நேற்று அதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள். “மேரி அக்கா பணிவும் அடக்கமும் நிறைந்த ஊழியர். பணிபுரிந்த காலம் முழுவதும் மேலிடத்தின் சொல்லை மீறியதே இல்லை.” நான் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டேன். கை நின்றுவிட்டது.

“யாருடி எழுதுனது?”

“புது மேனேஜர்க்கா. நல்லாத்தானே எழுதியிருக்காரு?”

“அந்த ஆளு பொறக்குறதுக்கு முந்தியே நான் அந்தக் கதவுல குறுக்க நின்னவ. என்னைப் போயி அடக்கம்னா?”

“அப்ப நீங்களே எழுதிக் குடுங்கக்கா. எங்களுக்கும் தெரியட்டும் லா.”

கேட்டுவிட்டாள், எழுதுகிறேன். இடம் போதவில்லை என்று எங்கு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும். கதவில் நின்ற பகுதியில் மட்டும் கைவைக்கக் கூடாது.

நான் மலேசியாவில், செமிலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். பால்மரம் சீவுவதில் எனக்கு இஷ்டமில்லை. விடிகாலைக் கொசுக்கடி அம்மாவோடு முடியட்டும் என்று, எழுபதுகளின் தொடக்கத்தில் சுங்கை பட்டாணிக்கு பஸ் ஏறினேன். இந்த ஓட்டலில் கோப்பை கழுவச் சேர்ந்தேன். கொஞ்ச நாளில் காய் நறுக்க விட்டார்கள். அதற்கு மேல் ஏற ஏணி இல்லை. அடுப்புப் பக்கம் ஆண்கள்தான். அவர்களுக்கு வெள்ளைக் கோட்டு, ‘குக்’ என்ற பெயர். அடுப்பில்லாத மூலையில் இருந்த சாலட் மேசைக்கு நீல ஏப்ரன் கட்டிய பெண் போதும் என்பது முதலாளியின் எண்ணம். முதலாளியை நாங்கள் தவுக்கே என்போம். “நெருப்பு இல்லாத வேலைக்கு எதுக்குக் குக்?” என்று அவர் கேட்டதை நானே காதால் கேட்டிருக்கிறேன்.

அம்மாவுக்கோ நான் செய்வது வேலையாகவே படவில்லை. “ஆட்டுக்கு ஒடிச்சுப் போடுற தழையை, தொரைமாரு காசு குடுத்துத் திங்கிறாங்களாக்கும்? அதுக்கு ஒரு சம்பளமாக்கும்?” என்று, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பெண்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நம் ஆட்கள் பச்சையாகத் தின்பது வெங்காயமும் வெள்ளரிக்காயும்தான். அதையும் தயிரில் போட்டுப் பச்சடி ஆக்கினால்தான் இறங்கும்.

அந்தப் பச்சடிப் புத்தியோடுதான் நானும் சாலட் மேசைக்குப் போனேன். பச்சடிக்கு முதலிலேயே உப்புப் போட்டுப் பிசைந்து வைப்போமே, அதையே இலைக்கும் செய்தேன். பத்து நிமிடத்தில் தட்டெல்லாம் குளம். அடுப்புப் பக்கம் ஒரே சிரிப்பு. அன்றிலிருந்து என் பெயர் பச்சடிக்காரி. கேலிக்காகத்தான் வைத்தார்கள். சரி, அந்தப் பச்சடிதான் பிற்பாடு இவர்களுக்குச் சோறு போட்டது, அதை அப்புறம் சொல்கிறேன்.

தட்டைச் சரித்துப் பார்த்து அந்தக் குளத்தை எனக்குக் காட்டியவர் மேனேஜர் மிஸ்டர் துரைசிங்கம். யாழ்ப்பாணத் தமிழர். ரயில்வேயில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் தவுக்கேயிடம் வந்தவர். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் கைக்குட்டைக்குள் சுற்றிய ஒரு தேக்கரண்டி எப்போதும் இருக்கும். பதினோரு மணிக்கு என் மேசைக்கு வருவார். முதலில் ஓர் இலையை எடுத்துக் காதோரம் வைத்து ஒடிப்பார். சத்தம் கேட்க வேண்டும். பிறகு தட்டை ஒரு பக்கமாகச் சரிப்பார். விளிம்பில் தண்ணீர் கோடு கட்டினால் அவர் வாயிலிருந்து வருவது இரண்டே வார்த்தை: “திருப்பி எடும்.” கடைசியாகக் கரண்டியைச் சுடுதண்ணீரில் முக்கி, துடைத்து, ஒரு துளி ருசி பார்ப்பார். நன்றாக இருந்தால் “காணும்” என்பார், போதும் என்று பொருள். அவரிடம் அதற்குமேல் பாராட்டு கிடையாது.

எங்கள் லயத்தில் சமைக்கிறவள் ருசி பார்க்க மாட்டாள், எச்சில் ஆகிவிடும். மூக்காலேயே உப்பு சொல்வாள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நின்றேன். “உம்மட மூக்கை நம்பி நான் மனுசருக்குச் சாப்பாடு குடுக்கேலாது. ஒவ்வொரு முறையும் புதுக் கரண்டி, ஒவ்வொரு கிண்ணத்திலையும் ஒரு துளி. தட்டு வெளியில போக முன்னம் கடைசியா ஒருக்கா. விளங்குதோ?” என்றார். விளங்கியது. இந்த ஒன்றைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன், கடைசியில் அவரிடமே திருப்பியும் கொடுத்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஊருக்கு வெளியே ஒரு அமெரிக்கத் தொழிற்சாலை கட்டினார்கள். இயந்திரம் பூட்ட வந்த எஞ்சினியர் ஒருவர் மாதக்கணக்கில் எங்கள் ஓட்டலில் தங்கினார். நெட்டையான ஆள், வெயிலில் சிவந்த கழுத்து. ஆட்டிறைச்சிச் சாப்ஸையும் சூப்பையும் தின்று அலுத்துப்போய், ஒருநாள் என் மேசைக்கே வந்துவிட்டார். அவருடைய ஊர் அமெரிக்காவின் தென்மேற்கில், கள்ளிச்செடி மண்டிய சூட்டு நாடாம். அங்கே உணவகங்களில் ஒரு சாலட் கொடுப்பார்களாம். சுட்ட சோளம், அவித்த பீன்ஸ், தக்காளி, பொரித்த ரொட்டிக் கீற்று, அதன்மேல் நாக்கைச் சுடுகிற வெள்ளை டிரெஸ்ஸிங். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். துரைசிங்கம் சார் தமிழில் எனக்குச் சொன்னார். சொல்லி முடித்ததும், “வெள்ளைக்காரன் காரம் கேக்கிறான். உது அவன்ர வயிறு, உம்மட பொறுப்பு” என்றார்.

ஏதோ ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி எனக்கு இந்தச் சாலட்டைக் கற்றுக்கொடுத்ததாக ஊரில் ஒரு கதை உலவுகிறது. எந்தச் சீமாட்டியும் கற்றுக்கொடுக்கவில்லை. அந்த எஞ்சினியருக்குத் தின்னத்தான் தெரியும், செய்யத் தெரியாது. “இது இல்லை, கிட்ட வந்துவிட்டாய்” என்று மட்டும் சொல்லத் தெரியும். மீதி முழுக்க நான் அந்த மூலையில் நின்று கண்டது.

எப்படி என்று கலைவாணி கேட்டால் மறைக்க ஒன்றுமில்லை. சோளத்தை அவித்தால் சப்பென்று இருக்கும், கரி அடுப்பில் வாட்ட வேண்டும். அங்கங்கே கறுத்து, மணி வெடிக்கப் போகும்போது எடுத்து உதிர்த்துக்கொள்ள வேண்டும். சிவப்பு பீன்ஸை முந்தின நாளே ஊறப்போட்டு, தோல் கிழியாமல் வேகவைத்து, வடிகட்டி, துணியில் உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் எல்லாம் கெட்டது. தக்காளியின் விதையையும் சாற்றையும் எடுத்துவிட வேண்டும். வெங்காயத்தைப் பனிக்கட்டித் தண்ணீரில் போட்டால் காட்டம் அடங்கும். அவர் ஊரில் போடுகிற அவகாடோ என்ற வெண்ணெய்ப் பழம் இங்கே ஏது? அரைப்பழ மாங்காயைப் போட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றவர், அடுத்த நாள் மாங்காய் அதிகம் கேட்டார். சோள ரொட்டிக் கீற்றுக்குப் பதில், ஆறிய சப்பாத்தியை ரிப்பன் ரிப்பனாக வெட்டி மொறுமொறுவென்று பொரித்தேன். அதற்கென்று தனி எண்ணெய், தனிச் சட்டி.

டிரெஸ்ஸிங்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. புட்டியில் வரும் மயோனீஸில் மிளகாயைக் கலந்தால் காரம் ஒரு பக்கம், இனிப்பு ஒரு பக்கம் என்று முறைத்துக்கொண்டு நின்றது. கடைசியில் என் பட்டப்பெயரே வழி சொன்னது. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரை இறக்கினேன். காய்ந்த மிளகாயைத் தணலில் வாட்டி, புகை வாசம் ஏறியதும் ஊறவைத்து அரைத்தேன். பூண்டு, வறுத்த சீரகம், கொத்தமல்லித் தண்டு, கஸ்தூரி எலுமிச்சைச் சாறு, உப்பு. தட்டு கிளம்பும் நேரத்தில்தான் ஊற்ற வேண்டும், முன்னால் ஊற்றினால் இலை சோர்ந்துவிடும். எஞ்சினியர் முதல் வாய் வைத்ததும் கண்ணில் தண்ணீர் விட்டார். தட்டைத் துடைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

ஆனால் அந்தத் தட்டுக்கு அவரைவிடப் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார். துரைசிங்கம் சார் வெள்ளிக்கிழமை சைவம். எங்கள் அடுப்புப் பக்கத்தில் கோழிக்கொழுப்பு படாத சட்டியே கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமை தோறும் வீட்டிலிருந்து ரொட்டி கொண்டுவந்து கடிப்பார். என் மேசைக்கு மட்டும் இறைச்சிப் பலகை, மீன் கத்தி எதுவும் வராது. முட்டை போடாத, தயிரில் செய்த டிரெஸ்ஸிங் வந்ததும் ரொட்டியை நிறுத்தினார். நான் சொன்னால் சாப்பிடுவார். நான் கிறிஸ்தவப் பெண், மாட்டிறைச்சி தின்கிறவள். அது அவருக்குத் தெரியும். ஆனாலும் “சைவம்தானே?” என்று கேட்பார், “ஆமா சார்” என்பேன், அவ்வளவுதான். இந்தச் செய்தி பரவி, தோட்டத்து வாத்தியார்களும் கணக்கெழுதும் கிராணிகளும் வெள்ளிக்கிழமை மதியம் வர ஆரம்பித்தார்கள். “மேரி கைதானே?” என்று பரிமாறுகிறவரைக் கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள்.

இனி அந்த நாள்.

தொழிற்சாலை திறப்பு விருந்து எங்கள் மண்டபத்தில் நடந்தது. தைப்பூசத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கப்போகிறார்கள் என்பதால் சுற்றுவட்டாரத் தோட்டங்களின் பெரிய மனிதர்களையும் அழைத்திருந்தார்கள். அவர்களில் பலர் காவடி விரதத்தில் இருந்தார்கள். எல்லாரும் கலந்து பழகட்டும் என்று அமெரிக்கர்கள் ஒவ்வொரு மேசையிலும் இரண்டு பேர், மூன்று பேராக அவர்களைப் பிரித்து உட்கார வைத்துவிட்டார்கள். சாலட் எல்லாருக்கும் ஒன்றுதான்; விரதக்காரர்களுக்கு அதுவும் பழமும் மட்டும் என்று ஏற்பாடு.

எங்கள் தோட்டத்துக் கோயில் தலைவர் சின்னையாவும் வந்திருந்தார். அம்மா குடியிருந்த லயத்துக்கு எதிர்வரிசை அவர் வீடு. உட்காருவதற்கு முன் என்னை மண்டபத்துக்கே கூப்பிட்டு அனுப்பினார். கையில் காப்பு, கழுத்தில் துளசி மாலை.

“ஏம்மா மேரி, நாங்க வெரதத்துல இருக்கோம். உன் சாப்பாட்டுல முட்டை, மீனு, ஏதாச்சும்…?”

“சுத்த சைவம் தலைவரே. நானே செஞ்சது.”

“நீ வேதக்காரப் புள்ள. இருந்தாலும் அன்னம்மா மக. நீ சொல்லிட்டா போதும்.” பிறகு திரும்பி, மண்டபமே கேட்கும்படி, “நம்ம புள்ள செஞ்சது. எல்லாரும் தைரியமாச் சாப்பிடுங்க!” என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதேசமயம் ஒரு கவலையும் இருந்தது. தயிர் பாதிதான் வந்திருந்தது. பீடோங்கிலிருந்து வரும் பால்கார முனியாண்டி அண்ணன் இரண்டு பானை தருவதாகச் சொன்னவர், ஒன்றைத்தான் கொண்டுவந்தார். பூச வாரம், விரத வீடுகளெல்லாம் பாலும் பழமுமாக இருக்கிற நேரம். கோயிலுக்குப் பால் என்று யாராவது கைகூப்பி வந்து நின்றால் அவர் இல்லை என்று சொல்ல மாட்டார். சாயங்காலத்துக்குள் இன்னொரு பானை தேடி வருகிறேன் என்று போயிருந்தார். மண்டபத்தில் பேச்சு தொடங்கியதும் நான் பின்வாசலில் போய் அவருக்காகக் காத்து நின்றேன். அவர் வரவில்லை. இருக்கிறதை எல்லாத் தட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போடலாம் என்று திரும்பி வந்தேன்.

வந்து பார்த்தால் டிரெஸ்ஸிங் ஊற்றிய தட்டுகள் கதவருகே வரிசையாக நிற்கின்றன. பரிமாறுகிறவர்கள் கையுறை மாட்டிக்கொண்டு தயாராக இருக்கிறார்கள். பாதி இருந்த டிரெஸ்ஸிங் எப்படி இத்தனை தட்டுக்குப் போதும்? புதுக் கரண்டி எடுத்து ஒரு தட்டில் ஒரு துளி தொட்டு நாக்கில் வைத்தேன். முட்டை. அதற்குப் பின்னால், தெளிவாக, பெலாச்சான். இறாலை உப்பில் புதைத்து இடித்துச் செய்கிற அந்த வாடையை மலேசியாவில் யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

“யாரு ஊத்துனது?”

தலைமைக் குக் ஆ செங் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார். ஹைனான் சீனர், என்னைவிட மூத்தவர், கெட்ட மனிதர் இல்லை. நான் தயிருக்காகத் தவித்ததைப் பார்த்து, உதவி செய்வதாக நினைத்து, மயோனீஸைக் கொட்டி நிரப்பியிருக்கிறார். காரம் குறைந்துவிட்டதே என்று சம்பல் பெலாச்சானும் சேர்த்திருக்கிறார்.

“ஐயோ, சைவம்னு சொன்னேனே!”

“டாகிங் தாடா லா, மேரி!” இறைச்சி ஒன்றும் போடவில்லையே என்று மலாயில் சத்தியம் செய்தார். முட்டை இறைச்சியில் சேர்த்தி இல்லையாம். பெலாச்சானா? “கங்கோங் பெலாச்சான் சாயோர் ஜுகா!” கீரையில் பெலாச்சான் போட்டாலும் அது காய்கறிக் கணக்குத்தானே என்றார். அந்த மனிதரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் பிறந்த வீட்டில் சைவம் என்றால் அவ்வளவுதான் பொருள்.

மண்டபத்தில் தவுக்கே பேசி முடிக்கப் போகிறார். கைதட்டல் கேட்டதும் தட்டுகள் வரிசையாக உள்ளே போக வேண்டும் என்பது அவர் உத்தரவு. நான் ஓடிப்போய்க் கதவில் குறுக்கே நின்றேன்.

“ஒரு தட்டும் போகக் கூடாது.”

துரைசிங்கம் சார் வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. மண்டபத்தைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார்.

“இப்ப ஒண்டும் செய்யேலாது, மேரி. தவுக்கே என்னைக் கொல்லாமல் விடார். வழியை விடும்.”

“முடியாது சார்.”

“ஆருக்குத் தெரியப் போகுது? காரத்தில ஒண்டும் விளங்காது. வேணுமெண்டு செய்த பாவமும் இல்லை.”

“அவங்களுக்குத் தெரியாது சார். உங்களுக்குத் தெரிஞ்சு போச்சே. அடுத்த வெள்ளிக்கிழமை சைவம்தானேன்னு என்கிட்ட எப்படிக் கேப்பீங்க? நான் ஆமான்னா எப்படி நம்புவீங்க?”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேலை போனால் மறுபடியும் பால்மரம்தான் என்று தெரியும். ஆனால் வேலை போகாமல் இருந்தாலும், சின்னையாத் தலைவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? அம்மா எந்த முகத்தோடு அந்த லயத்தில் தண்ணீர் பிடிக்கப் போவாள்? நான் பரிமாறுகிறவர்களைப் பார்த்துக் கத்தினேன். ஆம், கத்தினேன், குரலை உயர்த்தித்தான் கத்தினேன்.

“எல்லாத்தையும் திருப்பி எடுங்க!”

துரைசிங்கம் சாரின் வார்த்தை அது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “எவ்வளவு நேரம் வேணும்?” என்றார்.

“கால் மணி நேரமாச்சும்.”

அவர் மண்டபத்துக்குள் போனார். தவுக்கே பேச்சை முடித்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கியைப் பிடித்து, தோட்டத்து மக்கள் சார்பில் சின்னையாத் தலைவர் இரண்டு வார்த்தை பேசுவார் என்று அறிவித்துவிட்டார்!

நம் தலைவர்களிடம் ஒலிபெருக்கியைக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்னையாத் தலைவர் கப்பல் ஏறி வந்த காலத்திலிருந்து தொடங்கினார். காடழித்தது, கோயில் கட்டியது, பள்ளிக்கூடக் கூரை பறந்தது என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தார். உள்ளே நான் பம்பரமாய்ச் சுழன்றுகொண்டிருந்தேன்.

தயிர் இல்லை. பாலுக்கு எங்கே போவது? கண்ணில் பட்டது, சாகோ என்ற ஜவ்வரிசி இனிப்புக்காக ஆ செங் பிழிந்து வைத்திருந்த கெட்டித் தேங்காய்ப்பால். அதை அவரிடம் கேட்க வேண்டிய தேவையே வரவில்லை. அவரே தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். தன் இனிப்பு போகிறதே என்று ஒரு சொல் சொல்லவில்லை. மேசையைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவினேன். புதுக் கிண்ணம் எடுத்தேன். தேங்காய்ப்பாலில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்தேன். அவசரப்பட்டால் திரிந்துவிடும். தணலில் வாட்டிய மிளகாய் விழுது மீதம் இருந்தது, அது போதாதென்று சிலி பாடி என்ற குட்டிக் காரமிளகாயையும் இடித்துச் சேர்த்தேன். பூண்டு, சீரகம், மல்லித்தண்டு, உப்பு. சோளமும் பீன்ஸும் எடுத்துவைத்தது கொஞ்சம் இருந்தது. சாலட் இலை பாதிக்குத்தான் வந்தது. முட்டைக்கோசை நூலாகச் சீவிப் பனிக்கட்டித் தண்ணீரில் போட்டு உதறி நிரப்பினேன். ஆ செங் பக்கத்தில் நின்று மாங்காய் வெட்டினார். எனக்குக் காய் வெட்டிக்கொடுத்த முதல் குக் அவர்தான்.

ருசி பார்த்தேன். மூக்கால் இல்லை, நாக்கால். புளிப்பு முன்னால் வந்தது, தேங்காயின் இதம் நடுவில், காரம் கடைசியில் மெல்ல எழுந்து காதுவரை போனது. எஞ்சினியரின் ஊர் டிரெஸ்ஸிங் இதுவல்ல என்று எனக்கே தெரியும். அதைப் பற்றிக் கவலைப்படுகிற நிலையில் நான் இல்லை.

துரைசிங்கம் சார் உள்ளே வந்தார். சட்டைப் பையிலிருந்து கரண்டியை எடுத்தார். சுடுதண்ணீரில் முக்கவில்லை, மறந்துவிட்டார். ருசி பார்க்கவும் இல்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

“சைவம்தானே?”

“ஆமா சார்.”

“காணும். விடும்.”

மண்டபத்தில் சின்னையாத் தலைவர் பள்ளிக்கூடக் கூரையைத் திரும்ப வேய்ந்துகொண்டிருந்தார். தட்டுகள் உள்ளே போனதைப் பார்த்ததும் பேச்சை முடித்துக்கொண்டார். எஞ்சினியர் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து சமையலறைக் கதவைப் பார்த்தார், பிறகு குனிந்தவர் தட்டு காலியாகும்வரை நிமிரவில்லை. விரதக்காரர்கள் இரண்டாம் தடவை கேட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. பனிக்கட்டித் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு நின்றேன்.

தவுக்கேக்கு மறுநாள் காலையில்தான் எல்லாம் தெரிந்தது. நல்ல சாலட்டைக் கூடைகூடையாகக் கொட்டியிருக்கிறாள், இனிப்பு இல்லாமல் போய்விட்டது, என் விருந்தினரைக் காக்க வைத்திருக்கிறாள் ஒரு காய் நறுக்குகிறவள் என்று குதித்தார். சமையலறையில் எல்லாரையும் நிற்கவைத்து, என்னைப் பார்த்து, “மிந்தா மாஃப். ஹாபிஸ்” என்றார். மன்னிப்புக் கேள், முடிந்தது என்று அர்த்தம்.

“உந்தோக் அபா, தவுக்கே?” எதற்கு என்று நானும் மலாயிலேயே கேட்டேன்.

அவர் முகம் சிவந்தது. கோப்பை கழுவும் தொட்டியைக் காட்டினார். மன்னிப்புக் கேட்கும்வரை அங்கேதான் என்றார். நான் போய்க் கழுவத் தொடங்கினேன். ஒருவர்கூட எனக்காகப் பேசவில்லை. ஆ செங் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காக இன்றுவரை அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. தேங்காய்ப்பாலுக்காக நன்றியும் உண்டு. இரண்டும் ஒரே ஆள்மேல் இருக்கலாம்.

சாலட் மேசைக்கு வேறொருத்தியைப் போட்டார்கள். புட்டி மயோனீஸ் வந்தது. முதல் வெள்ளிக்கிழமை வாத்தியார்கள் வந்தார்கள், “மேரி கைதானே?” என்று கேட்டார்கள், இல்லை என்றதும் காப்பி குடித்துவிட்டு எழுந்தார்கள். அடுத்த வெள்ளி காப்பிக்குக்கூட வரவில்லை. துரைசிங்கம் சார் வெள்ளிக்கிழமை மதியம், தவுக்கேயின் அறைக் கண்ணாடிக்கு நேர் எதிரே ஒரு மேசையில் உட்கார்ந்து, இரண்டு வாழைப்பழத்தை மெதுவாக உரித்துச் சாப்பிடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். வாரம் தவறாமல் நடந்தது இது. ஒருநாள் தொட்டிப் பக்கம் வந்து, “மன்னிப்பு ஒரு சொல்லுத்தானே மேரி, சொல்லிப்போட்டு வாருமன்” என்றார். “அந்த ஒரு சொல்லைச் சொன்னா, அன்னிக்கு நான் செஞ்சது தப்புன்னு ஆயிடும் சார்” என்றேன். “அதுவும் சரிதான்” என்று போய்விட்டார். மறு வெள்ளி மறுபடி வாழைப்பழம்.

என் கை தண்ணீரில் ஊறி வெடித்தது. அம்மா வந்து பார்த்தாள். வீட்டுக்கு வா என்று கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “தழை நறுக்குறவளுக்கு இம்புட்டு வீம்பா?” என்றாள். பிறகு, “மன்னிப்பு கின்னிப்பு கேட்டுத் தொலைக்காத. நான் தலைவர் வீட்டு முன்னால தலை நிமிந்து நடக்குறேன்டி” என்றாள். அது போதுமாக இருந்தது.

மழைக்காலம் வருவதற்குள் வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் சாப்பாட்டு அறையில் ஈ ஓட்டினார்கள். வாரநாட்களிலும் எஞ்சினியர் தன் ஆட்களோடு வந்து அந்தத் தேங்காய்ப்பால் டிரெஸ்ஸிங்கைக் கேட்டு, இல்லை என்றதும் முகம் தொங்கிப் போவார். கடைசியில் தவுக்கே தூது அனுப்பினார். வந்தவர் ஆ செங். மன்னிப்பு வேண்டாமாம், சும்மா மேசைக்குத் திரும்பினால் போதுமாம்.

“சும்மா வர மாட்டேன்” என்றேன். வெள்ளைக் கோட்டு வேண்டும், குக் என்ற பெயர் வேண்டும் என்று கேட்டேன். என் மேசைத் தட்டை நான் விடு என்று சொல்லாமல் யாரும் தூக்கக் கூடாது, தவுக்கே உட்பட, என்றும் சொல்லி அனுப்பினேன். ஆ செங் போனார், வந்தார், மறுபடி போனார். மறுநாள் காலை என் மேசையில் ஒரு வெள்ளைக் கோட்டு மடித்து வைத்திருந்தது. ஆண்களுக்குத் தைத்தது. தோள் இரண்டும் கீழே இறங்கி, கை விரலை மூடியது. மடித்துவிட்டுக்கொண்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. துரைசிங்கம் சார் பதினோரு மணிக்கு வந்தார். இலையைக் காதோரம் ஒடித்தார். தட்டைச் சரித்தார். “சைவம்தானே, குக்?” என்று கேட்டார். அந்தக் கடைசிச் சொல்லை அந்த ஓட்டலில் என்னைப் பார்த்து முதலில் சொன்னவர் அவர்தான்.

கலைவாணி, இதை உன் மேனேஜரிடம் கொடு. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, மரியாதைக்காகத்தான் எழுதியிருப்பார். ஆனால் மேலிடத்தின் சொல்லை நான் மீறியதில்லை என்று அச்சடித்தால், அன்று கதவில் நின்று நான் திருப்பி வாங்கிய தட்டுகளை எடுத்துக்கொண்டுபோய், அந்த விரதக்காரர்கள் முன்னால் அவரே வைத்ததாக ஆகும். அந்த வரியைத் திருப்பி எடுக்கச் சொல். ‘மேரி, குக்’ என்று மட்டும் போடட்டும். காணும்.